பால் ஆலையின் கழுவுமுறைத் தேர்வு: காஸ்டிக்கை யார் கையில் கொடுப்பது?

நாளொன்றுக்கு 20,000 லிட்டர் பாலைப் பதப்படுத்திப் பைகளில் அடைக்கும் ஒரு நடுத்தர ஆலையில், பால் ஓடும் நேரத்தைக் காட்டிலும் பால் நின்ற பிறகு எந்திரங்களைக் கழுவும் நேரமே தொழிலாளிக்கு ஆபத்தானது. பாலைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லும் பாஸ்டரைசர் ஓடும்போது குழாய்க்குள் இருப்பது 72 டிகிரிச் சூட்டில் பால். அது நின்ற சிறிது நேரத்தில் அதே குழாய்க்குள் 75 டிகிரிச் சூட்டில் காஸ்டிக் சோடா என்னும் கடுங்காரமும், அதைத் தொடர்ந்து நைட்ரிக் அமிலமும், பல இடங்களில் கடைசியாகக் கிருமிநீக்கத்துக்கு ஹைப்போ எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் ஓடுகின்றன. ஈரோட்டுப் பக்கம் இத்தகைய ஆலை ஒன்றை நடத்திவரும் என் மைத்துனர், இப்போதைய கழுவும் முறையை மாற்றிவிட முடிவு செய்து, ஐந்தாறு பேரிடம் விலைப்புள்ளி வாங்கி வைத்துக்கொண்டு, எதை எடுப்பது என்று என்னிடம் கேட்டார். பால் ஆலைகளின் பராமரிப்பிலும் தரக்கட்டுப்பாட்டிலும் 16 ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

அவர் கையில் இருந்த வழிகள் இவை: இப்போதுள்ள கைவேலை முறையையே வைத்துக்கொண்டு கையுறை, கண்ணாடி, ஏப்ரன் வாங்கிக் கொடுப்பது. சி.ஐ.பி. எனப்படும், எந்திரத்தைக் கழற்றாமலே கழுவும் அமைப்பை வாங்கி, அதன் தொட்டிகளில் கெமிக்கலைக் கையால் போடுவது. அதே அமைப்பைத் திரவக் கெமிக்கலோடும் அளந்து செலுத்தும் பம்ப்போடும் வாங்குவது. காஸ்டிக்குக்குப் பதில் என்சைம் கலவைக்கு மாறுவது. கழுவும் வேலையையே ஒப்பந்த நிறுவனத்திடம் விட்டுவிடுவது. வந்த விலைப்புள்ளிகள் அனைத்தும் எந்திரம் எவ்வளவு சுத்தமாகும், எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்பதைப் பற்றியே பேசின. கழுவுகிற ஆளைப் பற்றி ஒன்றிலும் ஒரு வரி இல்லை.

ஆகவே நான் முதலில் அளவுகோலை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். நீர் கலக்காத செறிவான காஸ்டிக்கோ அமிலமோ ஒரு நாளில் எத்தனை முறை ஒரு மனிதரின் முகத்துக்கு எதிரே வருகிறது என்பதே என் அளவுகோல். அவருடைய ஆலையில் பாஸ்டரைசரை இரண்டு வேளையும், சைலோ எனப்படும் இரண்டு பெரிய பால் சேமிப்புத் தொட்டிகளை ஒரு முறையும், வந்துபோகும் நான்கு டாங்கர்களையும், இரண்டு பை நிரப்பும் எந்திரங்களையும் கழுவுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் காஸ்டிக் மூட்டையைத் திறந்து மக்கால் அள்ளுகிறார் என்றால் நாளுக்கு பத்து முறை. அமிலத்தையும் ஹைப்போவையும் இதோடு சேர்க்கவில்லை. மாதத்துக்கு முந்நூறு முறை திறக்கப்படும் மூட்டையில், ஒரு முறை கை தவறுவதற்கு யாரும் அலட்சியக்காரராக இருக்க வேண்டியதில்லை. தூக்கக் கலக்கமே போதும்.

காஸ்டிக் எப்படிச் சுடுகிறது என்பதை ஆலை நடத்துகிறவர்களில் பலர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அமிலம் பட்டால் உடனே எரிகிறது, ஆள் கையை உதறிக்கொண்டு தண்ணீருக்கு ஓடுகிறார். காஸ்டிக் பட்டால் முதலில் வழுவழுப்பு மட்டுமே தெரிகிறது. அந்த வழுவழுப்பு நம் தோலிலுள்ள கொழுப்பு சோப்பாக மாறிக்கொண்டிருப்பதன் அடையாளம். வலி தாமதமாக வருவதால் தொழிலாளி வேலையை முடித்துவிட்டுக் கழுவிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார், அதற்குள் அது திசுக்களைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கிவிடுகிறது. கண்ணில் தெறித்தால் கருவிழி கெடுவதற்குச் சில நிமிடங்களே போதும். காரத்துக்கு மாற்று புளிப்பு என்று எண்ணித் தயிரையோ எலுமிச்சைச் சாற்றையோ தேய்க்கும் பழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது தவறு. ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவுவதுதான் முதலுதவி, அதன்பின் மருத்துவமனை.

காஸ்டிக் செதில்கள் நீரில் கரையும்போது மிகுந்த வெப்பத்தை வெளிவிடுகின்றன. எனவே குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில், கலக்கிக்கொண்டே, சிறிது சிறிதாகப் போட வேண்டும். நீரைச் செதிலின் மேல் ஒருபோதும் ஊற்றக் கூடாது. ஆனால் நடைமுறையில் சீக்கிரம் கரையட்டும் என்று 70 டிகிரிக்குச் சூடேறிய, பாஸ்டரைசருக்குப் பால் ஊட்டும் பேலன்ஸ் டேங்கிலேயே மக்கு மக்காகக் கொட்டுகிறார்கள். செதில்கள் அடியில் கட்டியாக உறைந்து கிடந்து, திடீரென்று ஒரு நொடியில் கரைந்து, கொதிக்கும் காரநீரை மேலே வீசி எறிகின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஓர் ஆலையில், இப்படித்தான் ஒருவருடைய இடது கண் போனது. அவரிடம் கண்ணாடி இருந்தது. ஆவியில் மங்கிவிட்டதால் நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். "தண்ணியக் காட்டு தம்பி, தண்ணியக் காட்டு" என்று அவர் கத்தியது இன்றும் காதில் இருக்கிறது. குழாயைத் திறந்தபோது, சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வந்த நீர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது.

அதனால்தான் முதல் வழியை, அதாவது பாதுகாப்புச் சாதனம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழைய முறையையே தொடர்வதை, நான் ஒரு தேர்வாகவே ஏற்பதில்லை. சாதனங்கள் வேண்டாம் என்பதல்ல. முகம் முழுவதையும் மறைக்கும் காப்பும், அதற்குள் நன்றாகப் பொருந்திய கண்ணாடியும், முழங்கை வரை வரும் நைட்ரைல் கையுறையும், கால்சட்டையை உள்ளே செருகாமல் வெளியே விட்டு அணியும் கம்பூட்டும் எந்த முறையிலும் வேண்டும். (கால்சட்டையை உள்ளே செருகினால், தெறித்தது வழிந்து பூட்டுக்குள் நிரம்பி, கழற்றும் வரை காலை அவித்துக்கொண்டிருக்கும்.) ஆனால் மே மாதத்தில், ஆவி நிறைந்த கழுவும் அறையில், இவற்றை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் வேலை செய்ய முடியாது என்பது, ஒரு மணி நேரம் மாட்டிப் பார்த்தவருக்குத் தெரியும். தாங்க முடியாததைக் கட்டாயமாக்கிவிட்டு, அதைக் கழற்றியவர் மேல் பழியைப் போடுவது நியாயமல்ல.

கைமுறைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊரில் சங்கங்களிலிருந்து பால் வரும் கேன்களில் பல அலுமினியத்தால் ஆனவை. காஸ்டிக் அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜனை வெளியிடும். வாளியில் கரைத்து வைத்த காஸ்டிக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், யாரேனும் ஒருவர் அதைக் கேனுக்குள்ளும் ஊற்றத்தான் செய்வார். கேன்களுக்குச் சோடா உப்பும் சிலிக்கேட்டும் கலந்த மிதமான தூளே உரியது.

இரண்டாவது வழி, சி.ஐ.பி. தொட்டிகளை வாங்கிக் கெமிக்கலைக் கையால் போடுவது. "சி.ஐ.பி. போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை" என்று சொல்லும் பல ஆலைகளில் இருப்பது இதுதான். இதில் நன்மை உண்டு: பத்து இடங்களில் நடந்த அபாயம் ஓரிடத்துக்கு வந்துவிடுகிறது, ஒருமுறை கரைத்த காஸ்டிக்கை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம், சைலோவுக்குள் ஆள் இறங்கித் தேய்க்க வேண்டியதில்லை. ஆனால் ஓரிடத்துக்கு வந்த அபாயம் பெரிதாகவும் ஆகிவிடுகிறது. 500 லிட்டர் தொட்டியில் 1.5 சதவீதக் கரைசல் வேண்டுமென்றால் 7.5 கிலோ செதில் போட வேண்டும். ஒருவர் ஏணியில் ஏறி நின்று, திறந்த தொட்டியின் வாய்க்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு அதைக் கொட்டுகிறார். மக்கால் அள்ளுவதைவிட இது எந்த வகையிலும் மேலானதல்ல. பணம் இப்போதைக்கு இவ்வளவுதான் என்றால், செதிலைத் தரைமட்டத்தில் ஒரு சிறு மூடிய தொட்டியில் ஆறிய நீரில் கரைத்து, அங்கிருந்து பம்ப் மூலம் மேலே ஏற்றும்படியாவது அமைத்துக்கொள்ள வேண்டும்.

சி.ஐ.பி.க்கே உரிய இரண்டு ஆபத்துகளைக் கைமுறையிலிருந்து மாறுகிறவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஒன்று, சூடான காஸ்டிக் அழுத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் குழாயை, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் கழற்றிவிடுவது. பம்ப்பின் சுவிட்சைப் பூட்டி, சாவியை, குழாயைக் கழற்றுகிறவரே தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் ஒழுங்கு இருந்தால் இது நடக்காது. ஒரு பூட்டின் விலையில் முடிகிற காரியம் இது. மற்றொன்று, சூடாகக் கழுவிய சைலோவில் காற்றுத்துளை அடைபட்டிருக்கும்போது குளிர்ந்த நீரைப் பாய்ச்சுவது. உள்ளிருந்த ஆவி சட்டெனச் சுருங்கி வெற்றிடம் உண்டாக, துருப்பிடிக்கா எஃகுத் தொட்டி காலியான தகர டப்பாவைப் போல உள்நோக்கி நசுங்கும். அதன் மேல் யாரும் நிற்காமல் இருந்தால் நல்லது.

மூன்றாவது வழி, திரவக் காஸ்டிக்கையும் திரவ அமிலத்தையும் பீப்பாயிலிருந்தே அளந்து உறிஞ்சிச் செலுத்தும் பம்ப்புகள். சுமார் 48 சதவீதக் காஸ்டிக் திரவம் சந்தையில் கிடைக்கிறது. கரைசலின் மின்கடத்தும் திறனை ஓர் உணரி அளந்து, குறையும்போது தேவையான அளவைத் தானே சேர்க்கும். மனிதர் செறிவான கெமிக்கலை எதிர்கொள்வது பீப்பாய் மாற்றும்போது மட்டும்தான், அதுவும் நாளுக்குப் பத்து முறை அல்ல. என் அளவுகோலின்படி இதற்கு இணையான வேறு வழி இல்லை. (இச்செறிவுள்ள காஸ்டிக், குளிர் 10 டிகிரியை ஒட்டி இறங்கினால் உறையத் தொடங்கும். ஈரோட்டில் அந்தக் கவலை இல்லை. நீலகிரியில் ஆலை வைத்திருப்பவர்கள் குறைந்த செறிவில் வாங்க வேண்டும்.)

ஆனால் மிச்சமிருக்கும் அந்த ஒரு தருணம் மிகக் கொடியது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் அட்சிசன் என்ற ஊரில், தானியத்திலிருந்து உணவு மூலப்பொருள்களும் மதுவும் தயாரிக்கும் ஆலை ஒன்றுக்கு 2016 அக்டோபர் 21 அன்று கந்தக அமிலத்தோடு ஒரு டாங்கர் லாரி வந்தது. அமிலம் இறக்க வேண்டிய குழாய்வாயும் ஹைப்போ தொட்டியின் குழாய்வாயும் ஒன்றரை அடி இடைவெளியில், ஒரே தோற்றத்தில் அருகருகே இருந்தன. ஹைப்போ வாய்க்குப் போட வேண்டிய பூட்டு போடப்படவில்லை. ஓட்டுநர் அமிலத்தை அதில் இணைத்தார். ஹைப்போவும் அமிலமும் கலந்து எழுந்த குளோரின் மேகம் ஊருக்குள் பரவி, 140 பேருக்கு மேல் மருத்துவ உதவி நாட நேர்ந்தது. பெரிய ஆலையாக இருந்தும், இரண்டு குழாய்வாய்கள் ஒன்றுபோல இருந்ததுதான் வினையாயிற்று. ஆகவே மைத்துனருக்கு நான் வைத்த நிபந்தனை இது: காஸ்டிக் குழாயின் இணைப்பும் அமிலக் குழாயின் இணைப்பும் வெவ்வேறு அளவில் இருக்க வேண்டும், ஒன்றை மற்றொன்றில் மாட்ட நினைத்தாலும் மாட்ட முடியக் கூடாது. பீப்பாய்கள் நிற்கும் இடங்கள் தனித்தனி அறைகளாகவும், ஒன்றில் சிந்தியது மற்றொன்றுக்கு வழிந்தோடாதபடி தனித்தனிக் கரைகட்டியும் இருக்க வேண்டும்.

கழுவிய பின் கிருமிநீக்கம் செய்ய எதைப் பயன்படுத்துவது என்பது தனித் தீர்மானம். பாதுகாப்பு விஷயத்தில், எந்த நிறுவனத்தின் சி.ஐ.பி. என்பதைவிட இதுதான் முக்கியம் என்றே கருதுகிறேன். ஹைப்போ மலிவானது, எங்கும் கிடைப்பது, எல்லோருக்கும் பழக்கமானது. அந்தப் பழக்கம்தான் பிரச்சினை. வீட்டுக் கழிவறையில் ஊற்றுகிற பொருள் என்பதால் யாரும் அதற்கு அஞ்சுவதில்லை. ஆலையிலோ அதே கூரைக்குக் கீழ், அதே வடிகாலுக்குள், நாளுக்கு இருமுறை அமிலம் வருகிறது. ஒருவர் பாஸ்டரைசரிலிருந்து அமிலத்தை வடிகாலில் விடும் நேரத்தில் மற்றொருவர் தரையைக் கழுவ ஹைப்போவை ஊற்றினால் போதும். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. அது மேலே போகாமல், கழுவுநீரைத் திருப்பி அனுப்பும் பம்ப் வைத்திருக்கும் பள்ளத்திலும் வடிகாலிலும் தேங்கி நிற்கும். குனிந்து வால்வைத் திருப்புகிறவருடைய மூக்குக்கு நேரே.

2011 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஒரு கோழி பதப்படுத்தும் ஆலையில் ஒரு தொழிலாளி, கிருமிநாசினி அமிலக் கரைசல் சிறிது மிஞ்சியிருந்த ஒரு பீப்பாயில் ஹைப்போவை ஊற்றத் தொடங்கினார். கிளம்பிய குளோரினால் ஏறத்தாழ 600 பேரை வெளியேற்ற வேண்டியதாயிற்று, 195 பேர் சிகிச்சை தேடினர். அந்தப் பீப்பாயின் மேல் உள்ளே இருப்பது என்ன என்று எழுதித்தான் இருந்தது. எழுதியிருந்தது ஆங்கிலத்தில், அவருக்குப் படிக்கத் தெரிந்ததோ ஸ்பானிய மொழி மட்டும். இதைப் படித்தபோது எனக்கு நம் ஆலைகளே கண்முன் வந்தன. ஈரோட்டிலும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இரவுப் பணியில் கழுவுகிறவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள். பீப்பாயில் ஆங்கில லேபிள், சுவரில் தமிழ் எச்சரிக்கை, படிக்க வேண்டியவருக்கு இரண்டும் தெரியாது. நிறம், படம், அவரவர் மொழி மூன்றும் ஒன்றாக இல்லாத லேபிள், அங்கே லேபிளே இல்லாததற்குச் சமம்.

ஹைப்போவுக்கு மாற்றாக நிறுவனங்கள் முன்வைப்பது பெர்அசிட்டிக் அமிலம். 100 முதல் 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) அளவில் வேலை செய்யும், பின்னர் அசிட்டிக் அமிலம், நீர், ஆக்சிஜன் என்று பிரிந்துவிடும். எந்திரத்துக்கும் சூழலுக்கும் நல்லது என்பது உண்மை. ஆனால் 5 அல்லது 15 சதவீதச் செறிவில் பீப்பாயில் வரும்போது அது தீவிரமான ஆக்சிஜனேற்றி. தோலைச் சுடும், அதன் நெடி மூச்சுக்குழாயை உறுத்தும். அமெரிக்கத் தொழில்சுகாதார நிபுணர்களின் அமைப்பு இதற்குப் பரிந்துரைத்திருக்கும் குறுகியநேர வரம்பு 0.4 பி.பி.எம். மட்டுமே. அது தானே சிறிது சிறிதாகச் சிதைந்து வாயுவை வெளிவிடுவதால், பீப்பாயின் மூடியில் காற்றுத்துளை இருக்கும். அந்த மூடியைத் தொலைத்துவிட்டுச் சாதாரண மூடியை இறுக்கிப் போட்டால் பீப்பாய் உப்பி வெடிக்கலாம். காற்றோட்டமில்லாத அறையும், வெயில் படும் முற்றமும் உள்ள ஆலைகளுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தேர்வு வெந்நீர். 85 டிகிரிக்குக் குறையாத நீரை 15 நிமிடம் சுழலவிட்டால், பால் செல்லும் பாதைக்குக் கிருமிநீக்கம் போதுமான அளவு நடந்துவிடுகிறது. எச்சம் எதுவும் தங்காது, வேறு எதனோடும் கலந்து நஞ்சாகாது, எந்த மொழியில் லேபிள் ஒட்டுவது என்ற கேள்வியும் இல்லை. எரிபொருள் செலவு அதிகம் என்று மைத்துனர் தயங்கினார். 1,000 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 64 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். பாஸ்டரைசர் இருக்கும் ஆலையில் கொதிகலன் ஏற்கெனவே இருக்கிறது, அதே நீரைத் தொட்டியில் பிடித்து மறுநாள் முதல் கழுவலுக்குப் பயன்படுத்தலாம். வெந்நீரும் சுடும் என்பதை மறக்கக் கூடாது: 70 டிகிரி நீர் ஒரு நொடி பட்டாலே ஆழமான புண் ஆகும். குழாய்களுக்கு உறை போடுவதும், கேஸ்கெட்டுகளைக் காலம் தவறாமல் மாற்றுவதும் அவசியம். ஆனால் குழாய் கசிந்தால் காயமடைபவர் அருகில் இருக்கும் ஒருவர்; குளோரின் கிளம்பினால் பாதிக்கப்படுபவர் பணிநேரத்தில் உள்ளே இருக்கும் அத்தனை பேரும்.

அமில விஷயத்தில் சுருக்கமாகவே சொல்ல முடியும். சூடான பரப்பில் படியும் பால்கல்லை, அதாவது பாலின் தாது உப்புப் படிவை, காஸ்டிக் கரைக்காது, அமிலம் வேண்டும். நைட்ரிக் மலிவு, துருப்பிடிக்கா எஃகுக்கும் நல்லது. ஆனால் 60 சதவீத நைட்ரிக் பித்தளை வால்விலோ செம்பிலோ பட்டால் செம்பழுப்புப் புகை எழும். அந்தப் புகையைச் சுவாசித்தவர் அப்போது இருமிவிட்டு, சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய், நள்ளிரவில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறக் கூடும். எனவே அவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் ஒரு நாளாவது கண்காணிப்பில் வைக்க வேண்டும். செறிவான நைட்ரிக்கைக் கையாள நைட்ரைல் கையுறை போதாது, பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும். பாஸ்பாரிக் அமிலக் கலவை விலை கூடுதல் என்றாலும் இந்தப் புகை அதில் இல்லை. சிறிய ஆலைக்கு அதையே சொல்வேன். ஆனால் அதற்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கொங்குப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் கடினத்தன்மை மிகுதி. அந்த நீரில் காஸ்டிக்கைக் கரைக்கும்போது சுண்ணாம்புப் படிவு உண்டாகி, பால்கல்லோடு அதையும் சேர்த்துக் கரைக்க அமிலம் செலவாகிறது. நீர் மென்மையாக்கி ஒன்றை வைத்தால் அமிலத் தேவை குறைகிறது. அதைத் தரச் செலவாக எழுதுகிறார்கள். என் கணக்கில் அது பாதுகாப்புச் செலவு.

என்சைம் கலவைகளுக்குச் சுடும் தன்மை கிட்டத்தட்ட இல்லை, 50 டிகிரிச் சூட்டிலேயே புரதத்தை உடைக்கும். நுண்வடிகட்டிச் சவ்வுகளைக் கழுவ அவையே ஏற்றவை. பாஸ்டரைசரின் தட்டுகளில் வெந்து படிந்ததை எடுக்க அவை மட்டும் போதாது, நேரமும் கூடும். தூள் வடிவ என்சைம் மூச்சில் போனால் ஆஸ்துமா உண்டாகலாம் என்பதால், வாங்கினாலும் திரவமாகவே வாங்க வேண்டும். மைத்துனருடைய ஆலைக்கு இது பொருந்தவில்லை.

ஒப்பந்த நிறுவனத்திடம் விடும் யோசனையை அவர் மிகவும் விரும்பினார். பொறுப்பு நம்மை விட்டுப் போகிறது என்பது அதன் கவர்ச்சி. ஆனால் ஆலை நம்முடையது, கசியும் வால்வு நம்முடையது, எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற அறிவு நம் ஆள்களிடம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு வேனில் வந்து இறங்கும், வாரத்துக்கு வாரம் மாறும் ஆள்களிடம் அந்த அறிவு இருக்க வழியில்லை. அமெரிக்காவில் இறைச்சி ஆலைகளை இரவில் கழுவும் ஒரு பெரிய ஒப்பந்த நிறுவனம், 8 மாநிலங்களில் 13 ஆலைகளில், 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 102 சிறுவர் சிறுமியரை அந்த வேலையில் ஈடுபடுத்தியிருந்ததை அந்நாட்டுத் தொழிலாளர் துறை 2023 பிப்ரவரியில் அறிவித்து, 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கழுவும் கெமிக்கலால் சிறுவர்கள் புண்பட்டிருந்தார்கள். ஆலைகளின் முதலாளிகளில் எத்தனை பேர் அந்த இரவுகளில் ஒரு முறையேனும் உள்ளே வந்து, கழுவுகிறவர்களின் முகத்தைப் பார்த்திருப்பார்கள்? கண்ணில் படாத இடத்துக்கு வேலையை நகர்த்துவதால் அபாயம் குறையாது, அது யாருக்கு நேர்கிறது என்பது மட்டும் மாறும். இந்த வழியை நான் முற்றாக மறுத்தேன்.

எந்த முறையை எடுத்தாலும் கையால் கழுவ வேண்டியவை சில மிஞ்சும். பாலிலிருந்து கொழுப்பைப் பிரிக்கும் செப்பரேட்டரின் தட்டுகள், கொழுப்பை நுண்துளிகளாக உடைக்கும் ஹோமோஜினைசரின் வால்வுப் பகுதிகள், பை நிரப்பும் எந்திரத்தின் முனைகள், கேஸ்கெட்டுகள் ஆகியவற்றைக் கழற்றித்தான் தேய்க்க வேண்டும். இவற்றுக்குக் காஸ்டிக் வேண்டாம். மிதமான காரத்தூள் கலந்த வெதுவெதுப்பான நீர் சுழலும் ஒரு தொட்டியில் ஊறவிட்டு, நீண்ட கைப்பிடிப் பிரஷால் தேய்த்தால் போதும். சைலோவுக்குள் இறங்குவது வேறு விஷயம். உள்ளே நீரைச் சுற்றிலும் பீச்சும் தெளிப்புப் பந்து சரியாக வேலை செய்தால் இறங்கவே வேண்டியதில்லை. எப்போதாவது பழுதுபார்க்க இறங்க நேர்ந்தால், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு எழுதி வைத்ததற்குக் குறைவாக எதையும் ஏற்கக் கூடாது: தகுதியானவர் தாமே சோதித்து உள்ளே நச்சுக்காற்று இல்லை என்று எழுத்தில் தர வேண்டும், இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவியும் கயிறு கட்டிய இடுப்புப் பட்டையும் அணிந்திருக்க, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேற்படக் கூடாது என்பதும் அதே சட்டம் சொன்னதுதான்.

மைத்துனரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே ஆண்டில் பணம் இல்லை. ஆகவே செலவு செய்ய வேண்டிய வரிசையைச் சொன்னேன். முதலில், ஹைப்போவைக் கழுவும் அறையிலிருந்து வெளியேற்றி வெந்நீருக்கு மாறுவது. கொதிகலன் இருப்பதால் இதற்குக் குழாய்ச் செலவு மட்டுமே. அதோடு சேர்த்து நீர் மென்மையாக்கி. அடுத்து, பாஸ்டரைசருக்கும் சைலோக்களுக்கும் திரவக் காஸ்டிக்கை அளந்து செலுத்தும் பம்ப்போடு கூடிய சி.ஐ.பி. அமைப்பு. டாங்கர்களை அதோடு இணைப்பது அடுத்த ஆண்டு. அதுவரை டாங்கர் கழுவுவதற்கு, செதிலைத் தொடாமல், சி.ஐ.பி. தொட்டியிலிருந்தே 1.5 சதவீதக் கரைசலைக் குழாய் வழியாக எடுத்துக்கொள்ளலாம். செதில் மூட்டை ஆலைக்குள் வருவதே இதனால் நின்றுவிடும். இப்படிச் செய்தால், நாளுக்குப் பத்து முறை நடந்த நேரடிக் கையாளல், பீப்பாய் மாற்றும் நாளில் ஒருமுறை என்று ஆகிறது. அந்த ஒருமுறைக்கு முழுக் கவசத்தோடு இருவர் நின்றால் அது தாங்கக்கூடிய கட்டாயம்தான்.

வேலை தொடங்கியிருக்கிறது. காஸ்டிக் குழாய்க்கு ஒன்றரை அங்குல இணைப்பும் அமிலக் குழாய்க்கு ஒரு அங்குல இணைப்பும் பொருத்தியாயிற்று. பீப்பாய் அறைக் கதவுகளில் தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் எழுத ஓவியர் வந்துபோனார். ஒடியா எழுத்துகள் சரியா என்று இரவுப் பணியில் இருக்கும் இருவர் வாசித்துக் காட்டி, ஓர் எழுத்தைத் திருத்தச் சொன்னார்கள். அவசரக் குளிப்பானையும் கண் கழுவும் குழாயையும் பீப்பாய் அறையிலிருந்து பத்து நொடியில் எட்டும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதற்கான நீர்த்தொட்டி இன்னும் மொட்டைமாடியில் வெயிலில்தான் இருக்கிறது. பங்குனி பிறப்பதற்குள் அதைக் கீழே நிழலுக்குக் கொண்டுவந்து, குழாயைத் திறந்து தம் கையை நனைத்துப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொல்லும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன்.